சுவர் அவருடையது

சேசு மரி சூசை துணை

இளம்பிள்ளை
14-6-1958

அன்புள்ள ரோஷன்,

நான் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் நீ மேற்கொண்டு கவனமாகப் படிக்க மாட்டாய். அதனால் அதை எழுதவில்லை.

டீச்சர் டிரெயினிங் முடித்து நாம் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்ததிலிருந்து உன் கடிதங்களில் எல்லாம் ஒரே கேள்விதான். ஜில்லா போர்டு பள்ளியில் வேலை உத்தரவு கைக்கு வந்தும் அதை விட்டுவிட்டு, ஒரு தனி மனிதர் நடத்தும் பள்ளிக்கூடத்தில் போய் ஏன் உட்கார்ந்தாய் என்கிறாய். அம்மாவை அம்மாபேட்டையில் தனியாக விட்டுவிட்டு எங்கோ மலைப் பக்கம் போக முடியாது, இங்கிருந்தால் சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்குப் போய் வரலாம் என்று நானும் அதே பதிலை எழுதி வந்தேன். இன்று வேறொன்று எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் பள்ளியை நீ பார்த்ததில்லை. முன்பு தறிக்கூடமாக இருந்த நீளமான மண்சுவர்க் கட்டிடம். தீர்த்தகிரி என்பவர் தம்முடைய சொந்தத் தறிகளைப் பிரித்து வெளியே வைத்துவிட்டு அதில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அவரே மானேஜர், அவரே தலைமையாசிரியர். நடுவில் தடுப்பு கிடையாது. ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில்தான். என்னுடைய ஒன்றாம் வகுப்பு மேற்குக் கோடியில், சுவரை ஒட்டி உட்காருகிறது.

அந்தச் சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது, ரோஷன். நான் வேலைக்கு வந்த வருஷம் பிள்ளைகள் அதில் பலப்பத்தைச் செருகி விளையாடுவார்கள். இந்த வருஷம் லீவு முடிந்து வந்து பார்க்கிறேன், என் கை உள்ளே போகிறது. விரல் நுனியில் வெளிக்காற்று படுகிறது. தள்ளி நின்று பார்த்தால் சுவரின் மேல் பாகம் உள்பக்கமாகச் சாய்ந்திருப்பதுபோல் இருக்கிறது. கிட்டே போனால் அப்படித் தெரியவில்லை. என் கண்ணை நானே நம்பாமல் வெளியே போய் ஒருமுறை, உள்ளே வந்து ஒருமுறை பார்த்தேன்.

மானேஜரிடம் சொன்னேன். "அது எங்கப்பாரு காலத்து வெடிப்புங்க டீச்சரம்மா. மண்ணுச் சுவருன்னா வெடிக்கத்தான் செய்யும். நீங்க பாட்டுக்குப் பாடம் நடத்துங்க" என்றார். மறுநாள் போனபோது வெடிப்பின்மேல் இந்தியா தேசப்படம் தொங்கியது. ஒன்றாம் வகுப்புக்குத் தேசப்படம் எதற்கு?

உங்கள் பள்ளியில் இப்படி ஒன்று நேர்ந்தால் யாரிடம் சொல்வீர்கள்? எழுது.

உன்
அன்னாள்

---

786

நாமக்கல்
22-6-1958

அன்னாள்,

எங்களிடம் வெடிப்பு கிடையாது. போன வருஷம் போர்டார் கட்டிக் கொடுத்த கட்டிடம். கருங்கல் சுவர், மேலே ஓடு. ஜன்னலுக்குக் கம்பிகூட இருக்கிறது. வெடிப்பு வந்தால் தலைமையாசிரியர் மேலே எழுதுவார். ஓவர்சியர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அளந்து எஸ்டிமேட் போடுவார். எப்போது கட்டுவார்கள் என்று மட்டும் கேட்காதே. ஆனால் எழுதியதற்காக என்னை யாரும் வீட்டுக்குப் போ என்று சொல்ல முடியாது. மிஞ்சினால் வேறு ஊருக்கு மாற்றுவார்கள். அந்த உத்தரவில் உன் பெயரும் இருந்தது. நீதான் வேண்டாம் என்றாய். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். உனக்குச் சம்பளம் தருவது யார்? சர்க்கார் மானியத்திலிருந்துதானே வருகிறது? பிறகு அந்த மனிதருக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறாய்?

உன் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். இவருக்கு இரும்புக் கடையில் கணக்குப் பார்க்கத்தான் தெரியும், பள்ளிக்கூட விவகாரம் தெரியாது. கேட்டுவிட்டு, "வெடிப்புக்கு முன்னாடி படத்தை மாட்டினவரு, படத்துக்கு முன்னாடி பிள்ளைங்களையில்ல உக்கார வெச்சிருக்காரு" என்றார்.

பள்ளிக்கூட டிப்டி இன்ஸ்பெக்டருக்கு எழுது. இன்றே எழுது.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், உனக்கு மட்டும். எங்கள் கல் கட்டிடத்தில் பாதிக் கூடம் காலி. பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போய்விடுகிறார்கள். வந்தவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம்.

ரோஷன்

---

சேசு மரி சூசை துணை

இளம்பிள்ளை
10-8-1958

அன்புள்ள ரோஷன்,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் சோம்பல் இல்லை. மூன்று தடவை எழுதி மூன்றையும் அடுப்பில் போட்டேன்.

நீ கேட்டது நியாயமான கேள்விதான். சம்பளம் சர்க்கார் மானியம்தான். ஆனால் சுவர் அவருடையது. கூரை அவருடையது, மணி அவருடையது. ஒருவரை வேலைக்கு வைப்பதும் அனுப்புவதும் அவர். எனக்கு முன்னால் இங்கே ஆரோக்கியம் என்று ஒரு ஆசிரியர் இருந்தார். என்னவோ ஒரு விஷயத்தில் எதிர்த்துப் பேசினாராம். சாயங்காலம் பள்ளி விட்டதும், "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்றாராம் மானேஜர். அத்தோடு சரி. இப்போது சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை மடித்து வைக்கிறார். உன்னை ஊர் மாற்றுவார்கள். என்னை மாற்ற ஊர் கிடையாது. என் சம்பளத்தை எதிர்பார்த்து அம்மா இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும்.

ஆனால் நீ அவரை ஒரு கொடுமைக்காரராக நினைத்துவிடக் கூடாது. எனக்கே சில நாள் அப்படி நினைத்தால் சௌகரியமாக இருக்கும் என்று தோன்றுகிறது, முடியவில்லை. காலையில் கை மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார். இங்கே பிள்ளைகள் எல்லாம் வீட்டில் தறிக்குத் தார் சுற்றுகிறவர்கள். ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்காவிட்டால் அப்பாவுக்குத் தறி ஓடாது. போன வாரம் சின்னாயி என்கிற நெசவுக்காரி, "இன்னிக்கு அனுப்ப முடியாதுங்க சாமி, தாரு பாக்கி கெடக்குது" என்று மகளைப் பிடித்து வைத்துக்கொண்டாள். மானேஜர் ராட்டினத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாமே மீதித் தாரைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, அந்தக் குழந்தையைக் கையோடு கூட்டி வந்தார். உங்கள் பள்ளியாக இருந்தால் ஆப்சென்ட் போட்டிருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதே, உண்மையைத்தான் எழுதுகிறேன்.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. மழை பெய்கிறபோது படத்துக்குப் பின்னால் மண் உதிர்கிற சத்தம் கேட்கிறது. முறத்தில் அரிசி சரிகிறதுபோல. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது கேட்காது. அவர்கள் மூச்சு விட நிறுத்துகிறபோது கேட்கும். அதனால் நான் அவர்களை நிறுத்த விடுவதில்லை.

ஒருநாள் வகுப்பை இரண்டாம் வகுப்போடு நெருக்கி உட்கார வைத்தேன். அவர் வந்து பழையபடி சுவரோரம் திருப்பிவிட்டார். "இன்ஸ்பெக்ஷன் வருதுங்க. வகுப்புக்கு வகுப்பு எடம் இருக்கோணும்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "டிப்டி கண்ணுல இது பட்டா அங்கீகாரம் போயிரும். அங்கீகாரம் போனா மானியம் போயிரும். பள்ளிக்கோடத்தைச் சாத்திப்போட்டா இந்தப் பிள்ளைங்க அத்தனையும் தறிக்குழிக்குத்தான் போகும். அப்புறம் சுவரு நின்னா என்னங்க, உழுந்தா என்னங்க?"

இதற்கு உனக்குப் பதில் தெரியுமா?

நான் டிப்டிக்கு எழுதப் போவதில்லை. எழுதாமல் இருக்கவும் பயமாகத்தான் இருக்கிறது. நீயும் யாரிடமும் சொல்லாதே.

அன்னாள்

---

786

நாமக்கல்
2-9-1958

அன்னாள்,

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நான் டிப்டி இன்ஸ்பெக்டருக்கு எழுதிவிட்டேன்.

உன் கடைசி வரியைப் படித்த பிறகுதான் எழுதினேன். அதற்கு முன்பே தபாலில் போட்டுவிட்டேன் என்று பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டேன்.

என் வகுப்பில் ஒரு சின்னப் பெண். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சுவரில் முதுகைச் சாய்த்துத் தூங்கிவிடும். தினமும் பார்க்கிறதுதான். அன்றைக்கு மட்டும் போய் அதைத் தூக்கி நடுக்கூடத்தில் படுக்க வைத்தேன். எங்கள் சுவர் கருங்கல். அதற்கு ஒன்றும் ஆகாது. அப்படியும் தூக்கினேன். அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். மேற்குச் சுவரில் ஆள் கை நுழைகிற வெடிப்பு இருக்கிறது, தேசப்படத்துக்குப் பின்னால் பார்க்கவும் என்று.

பெயர் போடவில்லை. போர்டு ஆசிரியை ஒருத்தி இன்னொரு பள்ளியைப் பற்றி மனுப் போட்டால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று உனக்குப் பெருமையாக எழுதினவள்தான் நான். பெயர் எழுத வேண்டிய இடம் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். பிள்ளைகளைத் தள்ளி உட்கார வை.

ரோஷன்

---

இளம்பிள்ளை
27-9-1958

ரோஷன் பீவிக்கு,

டிப்டி இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வந்தார். நேராக மேற்குக் கோடிக்குப் போய்ப் படத்தைத் தூக்கினார். வேறு எங்கேயும் பார்க்கவில்லை. பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னதைக்கூடக் கேட்கவில்லை.

நல்ல மனிதர். கத்தவில்லை. வருஷக் கடைசிக்குள் சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மானியத்துக்குச் சிபாரிசு செய்ய முடியாது, அதுவரை பிள்ளைகளைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள் என்றார். அவர் மேஜைமேல் வைத்த காகிதங்களுக்கு நடுவே நீ அனுப்பிய உறை கிடந்தது. நாமக்கல் முத்திரை மேலே தெரிந்தது. எனக்கு வரும் உன் கடிதங்கள் பள்ளி விலாசத்துக்குத்தான் வருகின்றன, ரோஷன். தபால்காரர் மானேஜர் கையில் கொடுக்க, அவர்தான் என்னிடம் கொடுப்பார். அது உனக்குத் தோன்றவில்லையா?

டிப்டி போன பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"எழுதினது நீங்க இல்லீங்க. உங்க கையெழுத்து எனக்குத் தெரியும்" என்றார்.

நான் போகத் திரும்பினேன்.

"ஆனா படத்துக்குப் பின்னால இருக்கறது நீங்க சொல்லாம நாமக்கல்லுக்கு எப்படிங்க தெரியும்?"

நின்றுகொண்டே இருந்தேன். அவர் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. ஆரோக்கியம் சாரிடம் சொன்னதை என்னிடம் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே வந்துவிடுகிறேன்.

மறுநாள் காலை என் வகுப்பை இரண்டு முழம் முன்னால் தள்ளி உட்கார வைத்தார். சுவரின் உயரம் என்ன, இரண்டு முழம் என்ன? நடுவில் விட்ட இடத்தில் தம்முடைய நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். "இனி இதுதானுங்க என் எடம். உழுந்தா மொதல்ல என் மேல உழுகட்டும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் இனிப் பாடம் நடத்த வேண்டும். அவருக்குப் பின்னால் மண் உதிர்வது அவருக்கும் கேட்கிறது. அவர் திரும்புவதில்லை.

எனக்கு எழுதாதே.

அன்னாள்

---

786

நாமக்கல்
20-10-1958

அன்னாள்,

அம்மாபேட்டை விலாசத்துக்கு அனுப்புகிறேன். சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது அம்மா கொடுப்பார்கள். எழுதாதே என்றாய். என்னால் முடியவில்லை.

விலாசத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. உறையில் முத்திரை விழும் என்பதும் தோன்றவில்லை. பெயரை மறைத்தேன், ஊரை மறைக்கத் தெரியவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எழுதியதற்கு மட்டும் கேட்க மாட்டேன்.

இங்கே மூன்று நாளாக மழை. எங்கள் ஓட்டில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அங்கே எப்படியோ என்று உட்கார்ந்திருக்கிறேன். இவர், "நேர்ல ஒருதரம் போய்ப் பாத்துட்டு வந்துடேன்" என்கிறார். வந்தால் உங்கள் மானேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. துணிச்சல் இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உன் மானேஜரைப் பார்த்து நானும் ஒருநாள் மணியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனேன். ஐந்தாறு பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். தலைமையாசிரியர் சிரித்தார். "எதுக்கு டீச்சர் இந்த வேலை? நமக்குச் சம்பளம் தலையை எண்ணியா வருது?" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்களுக்குத் தலையை எண்ணித்தான் மானியம் வருகிறது. உங்கள் மானேஜர் தெருத்தெருவாகப் போவது அதற்காகவா, பிள்ளைகளுக்காகவா? இரண்டும் கலந்துதான் இருக்கும். ராட்டினம் சுற்றியதை நினைத்தால் எனக்கு அவரை வெறுக்க வரவில்லை. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

திட்டியாவது எழுது.

ரோஷன்

---

சேசு மரி சூசை துணை

அம்மாபேட்டை
16-11-1958

ரோஷன்,

ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை. செவ்வாய்க்கிழமை காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது படத்துக்குப் பின்னால் கட்டி கட்டியாக விழ ஆரம்பித்தது. படத்தின் கீழ்க் கட்டை சுவரைவிட்டு நகர்ந்து நகர்ந்து நின்றது. மானேஜரைப் பார்த்தேன். "மழை உடட்டுங்க" என்றார், நான் ஒன்றும் கேட்காமலே.

அந்த நேரத்தில் நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, எல்லோரும் முன்னால் இருப்பவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி வாருங்கள் என்றேன். தெருவுக்கு எதிர்ப்புறம் நான் குடியிருக்கும் செல்லாயி வீடு. அவளுடைய தறிக்கூடத்துக்குள் அத்தனை பேரையும் கொண்டுபோய் உட்கார வைத்தேன். பிள்ளைகளுக்குச் சிரிப்பு. செல்லாயி தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

மானேஜர் குடைகூட இல்லாமல் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்.

"இன்னும் மணி அடிக்கலீங்களே டீச்சரம்மா" என்றார்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க ஐயா."

"பயம் உங்களுக்கு மட்டுந்தானுங்களா? நானும் தெனமும் பயந்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கறேன். பிள்ளைங்க இப்படி வெளிய வந்தா நாலு பேரு ஏன்னு கேப்பாங்க. ஏன்னு தெரிஞ்சா ஒருத்தரும் அனுப்ப மாட்டாங்க. அத்தோட பள்ளிக்கோடம் முடிஞ்சுபோச்சுங்க."

பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார். "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க." சத்தம் போடாமல்தான் சொன்னார். இத்தனை நாளாக அதற்குப் பயந்துகொண்டிருந்தேன் அல்லவா, கேட்டதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் குனிந்து இரண்டு பிள்ளைகளின் கையைப் பிடித்தார். அவர் கூப்பிட்டால் அவர்கள் போவார்கள், ரோஷன். தினமும் வீட்டுக்கு வந்து கூட்டிப் போகிறவர் அவர். எல்லோரும் திரும்பி அவர் பின்னால் போனார்கள். போகும்போதும் ரயில் மாதிரியே போனார்கள். கடைசிப் பிள்ளை உள்ளே போகிறவரை நான் மழையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை செல்லாயி வாசலில் நின்று பார்த்தேன். மழை விடவில்லை. பிள்ளைகள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். என் வகுப்பை அவரே நடத்தினார். தெருவரை அவர் குரல் கேட்டது. நான் வேலையில் இருந்தவரைக்கும் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிவரவாவது முடிந்தது. இப்போது நான் அந்தப் பள்ளிக்கு யாரும் இல்லை.

செல்லாயி வந்து, "ஏங்கண்ணு, பள்ளிக்கோடம் போகலியா?" என்றாள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நான் உனக்குக் கடிதம் கடிதமாக எழுதினேன், நீ டிப்டிக்கு எழுதினாய், அந்தத் தெருத் தாய்மாரிடம் மட்டும் நாம் இருவரும் சொல்லவே இல்லை. சொன்னால் பள்ளிக்கூடம் போய்விடும் என்று அவர் பயந்தார். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்தப் படத்துக்குப் பின்னாலயா?" என்றாள் செல்லாயி. வேறொன்றும் கேட்கவில்லை. போய்ச் சின்னாயியைக் கூப்பிட்டாள். சின்னாயி அடுத்த வீட்டைக் கூப்பிட்டாள். கையில் ஒட்டிய பசையோடும் நூலோடும் பெண்கள் மழையில் இறங்கிப் பள்ளிக்குள் போனார்கள். தன் பிள்ளையைத் தூக்கியவள் பக்கத்துப் பிள்ளையையும் சேர்த்துப் பிடித்தாள். யாரும் சண்டை போடவில்லை.

மானேஜர் எழுந்து நின்று, "என்னம்மா இது, பாடம் நடக்குது" என்றார்.

"நடக்கட்டுங்க சாமி. எங்க ஊட்டுக் கூடத்துல வந்து நடத்துங்க. ஆரு வேண்டாங்கறது? நீங்களும் வாங்க" என்றாள் சின்னாயி.

அவர் வரவில்லை. மற்ற ஆசிரியர்களும் வெளியே வந்துவிட்டார்கள். அவர் மட்டும் காலிப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். யார் கூப்பிட்டும் எழவில்லை. அவர் மனைவி கந்தம்மாள், பள்ளிக்குப் பின்கட்டு வீட்டில் இருந்தவள், ஓடி வந்தாள். அவரோடு வாதாடவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "நீங்க எந்திரிக்கற வரைக்கும் நானும் இங்கதானுங்க" என்றாள். நாங்கள் வாசலிலேயே நின்றோம். எனக்கு மணிக்கணக்காக நின்றதுபோல இருந்தது. வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை என்கிறாள் செல்லாயி. அவர் எழுந்தார். கந்தம்மாளுக்குக் கை கொடுத்து எழுப்பினார். இருவரும் வெளியே வந்தார்கள்.

அன்றைக்குச் சுவர் விழவில்லை. வியாழக்கிழமையும் விழவில்லை. தெருவில் சிலர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. பத்து மணி இருக்கும், பள்ளி நடக்கிற நேரம். பாரவண்டி குடை சாய்ந்ததுபோல ஒரு சத்தம். ஓடினோம். சுவர் உள்பக்கமாக விழுந்திருந்தது. அந்த இரண்டு முழத்தையும் தாண்டி, ஒன்றாம் வகுப்பைத் தாண்டி, இரண்டாம் வகுப்பு உட்காரும் இடம்வரை மண். உள்ளே யாரும் இல்லை. நாற்காலி எங்கே என்றே தெரியவில்லை.

அவர் தெருவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நான் அன்று மாலையே பஸ் ஏறி இங்கே வந்துவிட்டேன்.

நீ எழுதியது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உன் மனுவால்தான் பிள்ளைகள் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தார்கள், அது ஒன்றுக்கும் உதவியிருக்காது. உன் மனுவால்தான் அவர் அந்த நாற்காலியைப் போட்டார், அது மண்ணுக்கடியில் கிடக்கிறது. நினைத்தால் கோபம் வருகிறது. உன்னைப் பார்க்கவும் வேண்டும்போல் இருக்கிறது.

அன்னாள்

---

சேசு மரி சூசை துணை

இளம்பிள்ளை
7-12-1958

அன்புள்ள ரோஷன்,

விலாசத்தைப் பார்த்திருப்பாய். திரும்பி வந்துவிட்டேன்.

போர்டில் இடம் காலி இருக்கிறது, உடனே மனுப் போடு என்று நீ எழுதியபடியே மனு எழுதி வைத்தேன். அதை அனுப்புவதற்குள் கந்தம்மாள் அம்மாபேட்டைக்கு வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அவரு வந்து கூப்பிட மாட்டாருங்க. அவரு வாயில வந்தது வந்ததுதான். அதனால நான் கூப்பிடறேன். சின்னாயி ஊட்டுத் தறிக்கூடத்துலதான் இப்பப் பள்ளிக்கோடம். ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைங்க ஒருத்தர் பேச்சையும் கேக்கறதில்லீங்க."

"மறுபடியும் ஒருநாள் வர வேண்டாம்னு சொன்னா நான் என்னங்க பண்றது?" என்றேன்.

"சொல்லுவாருங்க. அவரு சொபாவம் அப்படி. அன்னிக்கும் நான் வந்து கூப்பிடறேன்."

அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வேலைக்கு எழுத்தில் எனக்கு ஒன்றுமே கிடையாது, ரோஷன். ஒரு வாய் போகச் சொன்னது, இன்னொரு வாய் வரச் சொல்கிறது. இதை நம்பி ஒருத்தி வேலைக்குப் போவாளா? நீ போக மாட்டாய். ஆனால் நான் போகாவிட்டால் அந்தப் பிள்ளைகளை யார் எங்கே உட்கார வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு இங்கே என்னால் இருக்க முடியவில்லை. போர்டு மனுவைக் கிழிக்கவில்லை. அம்மாவின் பெட்டியில் இருக்கிறது.

டிப்டி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுக் கோடை லீவு வரை தவணை கொடுத்திருக்கிறார். தாய்மார் பிள்ளைகளை நிறுத்தவில்லை. மானேஜர் பயந்ததுபோல் பள்ளிக்கூடம் முடிந்துவிடவில்லை. நெசவுக்காரர்கள் தறி ஓய்ந்த நேரத்தில் மண் சுமக்கிறார்கள், கல் உடைக்கிறார்கள். இந்தத் தடவை கீழே கல் போட்டுத்தான் சுவர்.

அவர் என்னோடு நாலைந்து நாள் பேசவே இல்லை. முந்தாநாள் இடைவேளையில் வந்து தறிக்கூடத்து வாசலில் நின்றார்.

"நாமக்கல் டீச்சரம்மாவுக்குக் கடுதாசி எழுதறதுண்டுங்களா?" என்றார்.

உண்டு என்று தலையை ஆட்டினேன்.

"சுவத்துக்குக் கடைக்கால் தோண்டியிருக்குதுங்க. ஆழம் போதுமான்னு வந்து பாக்கச் சொல்லுங்க. குத்தங்கொறை இருந்தா டிப்டிக்கு எழுதட்டும். பேரைப் போட்டு எழுதட்டும்."

அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டார். இது அழைப்பா, மிரட்டலா என்று எனக்குத் தெரியவில்லை. கந்தம்மாளைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடி உனக்கு எழுதிவிட்டேன்.

உன்
அன்னாள்

---

786

நாமக்கல்
15-12-1958

அன்புள்ள அன்னாள்,

வருகிறேன். வரும் சனிக்கிழமை. இங்கே அரை வருஷப் பரீட்சை முடிந்துவிடும். உங்கள் பண்டிகைக்கு அம்மாவுக்கு ஒரு புடவையும் எடுத்து வைத்திருக்கிறேன். அது சாக்கு. நான் வருவது எதற்கென்று உனக்குத் தெரியும்.

இவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றால் அவர் என்னிடம் பேசமாட்டார், இவரிடம்தான் பேசுவார். நான் எழுதினேன் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

எனக்குக் கடைக்கால் பார்க்கத் தெரியாது. எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்று இங்கே ஓவர்சியரைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "போர்டு டீச்சருக்கு ஏம்மா ஊரான் பள்ளிக்கூடத்து வம்பு? மேல தெரிஞ்சா உங்களைத்தான் கேப்பாங்க" என்றார். சொல்லிவிட்டு ஆழத்தையும் சொன்னார். இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டுதான் வருகிறேன்.

அவர் கோபித்தால் நான் என்ன பேசுவேன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். ஒன்றும் அமையவில்லை. கோபிக்காமல் நாற்காலி போட்டு உட்காருங்கள் என்று சொல்லிவிட்டால் இன்னும் மோசம்.

பஸ் பதினொரு மணிக்குள் இளம்பிள்ளை வந்துவிடும் என்கிறார்கள். நிற்கிற இடத்தில் நீ நிற்க வேண்டும். ஜன்னல் வழியாக உன்னைத் தேடுவேன். உன்னைக் காணவில்லை என்றால் நான் இறங்கமாட்டேன், அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

இப்படிக்கு,
ரோஷன் பீவி,
உதவி ஆசிரியை,
போர்டு ஆரம்பப் பாடசாலை, நாமக்கல் தாலுகா.